குவில்ட் தைக்கும் முன் துணியை நனைக்கலாமா? பல வருட அனுபவம்

குவில்ட் என்பது பல துணித் துண்டுகளை இணைத்து, உள்ளே பஞ்சு அடுக்கு வைத்துத் தைக்கும் போர்வை. அதற்குக் கைத்தறி, சுங்குடி என்றால் நனைக்காமல் கத்தரி வைக்கவே மாட்டேன். முழுக்க மில் பாப்ளின் என்றால் அப்படியே வெட்டிவிடுவேன். ஆனால் நனைத்ததையும் நனைக்காததையும் ஒரே குவில்ட்டில் சேர்ப்பது மட்டும் கூடவே கூடாது. பல வருடமாக வீட்டில் போர்த்தி, துவைத்து, வெயிலில் காயப்போட்டுப் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

ஜாக்கெட் தைக்கும் நல்ல டெய்லர் லைனிங்கை நனைத்துக் காயவைத்துத்தான் வெட்டுவார். இங்கேயும் அதே காரணம்தான். பருத்தி முதல் துவைப்பில் பொதுவாக 3 முதல் 5 சதவீதம் சுருங்கும். தறியில் பாவு நூல் விறைப்பாக இழுபட்டிருக்கும், தண்ணீர் பட்டதும் தளரும். அதனால் நீளவாக்கில்தான் அதிகம் குறையும். குவில்ட்டில் பல துணிகள் கால் அங்குலத் தையலில் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒன்று சுருங்கி, பக்கத்தில் இருப்பது அசையாமல் நின்றால் தையல் முழுக்க இழுத்துக்கொள்ளும். இஸ்திரி போட்டாலும் படியாது.

மதுரைச் சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எனக்குப் பிடித்த துணி அதுதான், அதிகம் வேலை வாங்குவதும் அதுதான். கையால் முடிச்சுப் போட்ட சேலையில் ஒவ்வொரு புள்ளியும் சின்ன மேடாக நிற்கும். அந்த மேட்டோடு 5 அங்குலச் சதுரம் வெட்டினால், இஸ்திரி போட்டதும் அளவு கூடிவிடும். சாயமோ, அரக்கு நிறத்தைப் பக்கெட்டில் போட்டதும் தண்ணீர் பீட்ரூட் வேகவைத்ததுபோல் ஆகிவிடும். அலசி முடித்த துணிமேல் ஈரமான வெள்ளைத் துணியை வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்திப் பார்ப்பேன். வெள்ளையில் நிறம் ஏறினால் மறுபடி பக்கெட்டுக்குத்தான்.

சாயம் போகாமல் இருக்க நனைக்கும் தண்ணீரில் கல் உப்புப் போடுவதை நான் விட்டுவிட்டேன். சாயப்பட்டறையில் உப்புப் போடுவது சாயம் நூலில் ஏறுவதற்காக. பிடிக்காமல் மிஞ்சிய சாயத்தை அது நிறுத்தாது. சோப்பும் நிறையத் தண்ணீரும் போட்டு வெளியேற்றத்தான் வேண்டும். கலம்காரிக்கு மட்டும் பச்சைத் தண்ணீரும் பூந்திக்கொட்டையும் போதும். இண்டிகோ எத்தனை அலசினாலும் கொஞ்சம் உதிரும், வெள்ளைக்குப் பக்கத்தில் வைக்கவே மாட்டேன்.

நனைப்பதில் தொல்லையும் உண்டு. கஞ்சி போய்த் துணி தொய்ந்துவிடும், மூலைவாட்டில் வெட்டிய முக்கோணங்கள் இழுபடும். சாதம் வடித்த கஞ்சியை வடிகட்டி, நீர்க்கக் கரைத்துத் தோய்த்து, லேசான ஈரத்திலேயே இஸ்திரி போட்டால் வெட்டுவதற்குச் சுகமாக இருக்கும். பிசிறு பிரியாமல் இருக்க, நனைக்கும் முன்பே ஓரத்தில் ஜிக்ஜாக் தையல் ஓட்டிவிடுங்கள். சதுரமாக வெட்டியே விற்கும் துண்டுகளை நனைக்க வேண்டாம், பிசிறிலேயே அளவு போய்விடும்.

நனைக்காத பாப்ளினைப் பருத்தி பேட்டிங்கோடு (உள்ளே வைக்கும் பஞ்சு அடுக்கு) தைத்தால், முதல் துவைப்பில் இரண்டும் சேர்ந்து சுருங்கி, தையலோரமெல்லாம் பொடிச் சுருக்கம் விழும். குழந்தைப் போர்வைக்கு எனக்கு அந்த மெத்தென்ற தோற்றம்தான் பிடிக்கும். சுவரில் மாட்டத் தட்டையாக வேண்டுமென்றால் துணியை நனைத்து, பாலியஸ்டர் பேட்டிங் வைப்பேன்.

தைத்து முடித்த குவில்ட்டில் சாயம் இறங்கிவிட்டால் பதறி வெயிலில் போடாதீர்கள். என் தங்கையின் குவில்ட்டில் வெளிர் மஞ்சள் கட்டங்கள் மேல் சிவப்பு இறங்கியிருந்தது. ஈரம் காய்வதற்குள் பெரிய டப்பில் வெந்நீரும் பாத்திரம் கழுவும் லிக்விடும் விட்டு, முழுக்க அமிழ்த்தி இரவு முழுவதும் ஊறவிட்டோம். மறுநாள் தண்ணீர் தெளியும் வரை மாற்றி மாற்றி அலசியதில் மஞ்சள் திரும்பிவிட்டது.