என்.சி.சி.யா, என்.எஸ்.எஸ்.ஸா?

கல்லூரியில் சேர்ந்ததும் பலருக்கு வரும் குழப்பம் இது. என்.சி.சி. என்பது தேசிய மாணவர் படை; என்.எஸ்.எஸ். என்பது நாட்டு நலப்பணித் திட்டம். இரண்டிலும் நாட்டுக்காக ஏதோ செய்கிறோம், ஆனால் வழி வேறு.

யார் நடத்துவது?
என்.சி.சி.: 1948-இல் தொடங்கியது, பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது.
என்.எஸ்.எஸ்.: காந்தி நூற்றாண்டான 1969-இல் தொடங்கியது, இளைஞர் நல அமைச்சகத்தின் கீழ்.

நேரம்
என்.சி.சி.: வாரந்தோறும் அணிவகுப்பு, அப்புறம் முகாம். கடைசி நிலையான 'சி' சான்றிதழ் வரை போக மூன்று வருடம்.
என்.எஸ்.எஸ்.: இரண்டு வருடத்தில் 240 மணி நேரம், கூடவே ஏழு நாள் சிறப்பு முகாம்.

என்ன கற்கிறோம்?
என்.சி.சி.யில் கவாத்து, துப்பாக்கி சுடுதல், வரைபடம் பார்த்து வழி கண்டுபிடிப்பது. வெயிலில் பூட்ஸோடு நிற்கும்போது அலுப்புத் தட்டும். ஆனால் ஒரே சொல்லுக்கு மொத்த வரிசையும் திரும்பும்போது ஒழுங்கு என்றால் என்னவென்று புரியும்.
என்.எஸ்.எஸ். முகாமில் ஒரு கிராமத்தில் தங்கி, வீடு வீடாகக் கணக்கெடுத்து, வாய்க்கால் தூர்வாருவீர்கள். முன்பின் தெரியாதவர்களிடம் பேசிப் பழகுவதுதான் இதில் உண்மையான பாடம். மனிதர்களோடு இணக்கமாக வாழ்வதைப் பற்றி வகுப்பில் கேட்பதைவிட இது மேல் என்பேன். பொறுப்பாசிரியர் சரியில்லையென்றால் மட்டும் மரக்கன்றோடு படம் எடுப்பதிலேயே வருடம் ஓடிவிடும்.

வேலைக்கு
'சி' சான்றிதழும் தேவையான மதிப்பெண்ணும் இருந்தால், தரைப்படையில் அதிகாரியாகச் சேரும் என்.சி.சி. சிறப்பு நுழைவுக்கு எழுத்துத் தேர்வு கிடையாது; தேர்வு வாரிய நேர்காணல் உண்டு. என்.எஸ்.எஸ்.ஸில் இப்படி நேரடி வழி இல்லை.

சீருடைப் பணி கனவென்றால் முதல் வருடமே என்.சி.சி.யில் சேருங்கள். சமூகப் பணி, ஆசிரியப் பணி என்று யோசிப்பவர்களுக்கும், ஆய்வக வகுப்புகளால் நேரம் குறைந்தவர்களுக்கும் என்.எஸ்.எஸ். சரி.