தர்மபுரியில் ஒரு ஸ்கேன் சென்டர்: அளவு சரி, முத்திரைதான் தப்பு

வயிற்றிலுள்ள குழந்தையின் கழுத்துக்குப் பின்னால் சேரும் நீரை அளக்கும் என்.டி. ஸ்கேனையும், தாயின் ரத்தத்தில் மார்க்கர் எனப்படும் இரண்டு பொருட்களை அளக்கும் டபுள் மார்க்கர் பரிசோதனையையும் ஒரே நாளில் முடித்துத் தரும் சென்டர் இது. அளவெடுப்பதில் குறை சொல்ல இடமில்லை. குழந்தையின் நீளம் 45 முதல் 84 மில்லிமீட்டருக்குள் இருந்தால்தான், அதாவது 11 வாரத்திலிருந்து 13 வாரம் 6 நாளுக்குள்தான், கழுத்து நீரை அளக்கிறார்கள். பென்னாகரத்திலிருந்தோ அரூரிலிருந்தோ பஸ் ஏறும் முன் கடைசி மாதவிலக்குத் தேதியைப் போனில் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். 14 வாரம் ஆகிவிட்டால் வந்தும் வீண். வெறும் வயிற்றோடு வரத் தேவையில்லை.

ரிப்போர்ட்தான் உறுத்துகிறது. 30 தாண்டிய தலைப்பிரசவம் என்றாலே மேல் மூலையில் சிவப்பு மையில் ‘எல்டர்லி ப்ரைமி’ என்று குத்திவிடுகிறார்கள். 31 வயதுப் பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய அடி! கூட வந்த மாமியார் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் கவுன்டரில் சொல்ல ஆளில்லை. அது நோயின் பெயரே அல்ல. எல்டர்லி என்றால் வயது கூடியவர், ப்ரைமி என்றால் முதல் கர்ப்பம். உலக மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பு 1958-ல் வைத்த வரம்பு 35 வயது. நம் நாட்டுப் பாடப்புத்தகங்களில் 30 என்றும் உண்டு. அதனால்தான் ஒரே பெண் ஓரிடத்தில் ஹை ரிஸ்க், இன்னோரிடத்தில் நார்மல். அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின் தலைப்பிலேயே ‘35 வயதிலும் அதற்கு மேலும்’ என்று எண்ணைத்தான் போட்டார்கள். இங்கேயும் வயதை மட்டும் எழுதினால் போதுமே.

அடுத்த பக்கத்தில், குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் (குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதால் வரும் பிறவிக் குறைபாடு) இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று இரண்டு எண்கள் இருக்கும். ‘பேக்ரவுண்ட் ரிஸ்க்’ வயதை மட்டும் வைத்துப் போட்டது. 35 வயதில், 12-ஆவது வாரத்தில் அதுவே ஏறக்குறைய 250-ல் ஒன்று. பலர் இதைப் பார்த்துத்தான் அழுகிறார்கள். பார்க்க வேண்டியது கழுத்து நீரும் ரத்த அளவும் சேர்ந்த ‘அட்ஜஸ்டட் ரிஸ்க்’. அது 1:1800, அதாவது 1800-ல் ஒன்று என்று இறங்கியிருக்கலாம். ஏறியிருந்தாலும் அது முடிவல்ல. பனிக்குட நீர்ப் பரிசோதனையோ நச்சுக்கொடித் திசுப் பரிசோதனையோதான் உறுதி சொல்லும்.

ரத்தம் கொடுக்கும் முன் படிவத்தில் இரண்டைச் சரிபாருங்கள். ஒன்று பிறந்த தேதி: ஆதாரில் குத்துமதிப்பாக ஜனவரி 1 போட்டவர்கள் இந்தப் பக்கம் நிறைய, வருஷமும் தப்பியிருந்தால் கணக்கே மாறிவிடும். இன்னொன்று எடை: உடல் கனமானால் ரத்தத்தில் மார்க்கர் நீர்த்துக் காட்டும். பழைய அட்டையைப் பார்த்து எழுத விடாமல், அன்றைக்கே தராசில் ஏறி நின்று அந்த எண்ணை எழுதச் சொல்லுங்கள்.