கூடம் அருமை, வாசல்தான் வம்பு: ஒரு மீட்டிங் மென்பொருளோடு இரண்டு வருடம்

எங்கள் அலுவலகத்தில் 45 பேர். நான் நிர்வாகப் பிரிவு. தனியாக ஐடி ஆள் கிடையாது. வாரத்துக்கு ஒரு நாள் வந்துபோகும் ஒப்பந்தக்காரர் ஒருவர் இருக்கிறார். மற்ற நாட்களில் பிரிண்டர் மக்கர் செய்தாலும் சரி, லாகின் ஆகவில்லை என்றாலும் சரி, எல்லாரும் என் மேசைக்குத்தான் வருவார்கள். ஆகவே இதை நிபுணர் மதிப்புரையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு வருடமாக வாசலில் நின்று ஆட்களை உள்ளே தள்ளிக்கொண்டிருக்கும் ஒருத்தியின் குறிப்புகள் இவை.

மென்பொருளின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஒப்பந்தம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அவர்களுடைய உதவி மையத்தில் என் புகார் ஒன்றும் முடியாமல் கிடக்கிறது. அதோடு, நான் புலம்பப் போகிற தொல்லைகளில் பாதிக்கு மேல் வேறு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கும் பழக்கப்பட்டவையாகத்தான் இருக்கும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். லாகின் என்ற வாசலைத் தாண்டி மீட்டிங் என்ற கூடத்துக்குள் போய்விட்டால் குறை சொல்ல அதிகம் இல்லை. பின்னால் நாய் குரைத்தாலும் யாராவது சுவரில் துளை போட்டாலும் எதிரில் இருப்பவருக்குக் கேட்பதில்லை. இணையம் தள்ளாடினால் படம் மங்கும், குரல் நிற்காது. பதிவைத் தேடி எடுப்பது சுலபம். மேக் கணினியில் முதல் தடவை திரையைப் பகிரும்போது இயங்குதளம் தனியாக அனுமதி கேட்கும். கொடுத்த பிறகு செயலியை மூடித் திறக்கவும் வேண்டியிருக்கும். அது ஆப்பிளின் ஏற்பாடு. ஆனால் எந்த அமைப்புக்குப் போக வேண்டும், எதை இயக்க வேண்டும், ஏன் மூடித் திறக்க வேண்டும் என்று இந்த மென்பொருள் படம் போட்டுச் சொல்கிறது. இவ்வளவு தெளிவாகப் பேசத் தெரிந்த ஒன்று, லாகின் பக்கத்தில் மட்டும் ஏன் ஊமையாகிவிடுகிறது என்பதுதான் என் கேள்வி.

ஒரு திங்கட்கிழமை பத்து மணி மீட்டிங். மேலாளர்தான் கூட்டியவர். பதினான்கு பேர் காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருக்கிறோம். 'ஹோஸ்ட் வந்ததும் உங்களை உள்ளே அனுமதிப்பார்' என்ற அறிவிப்பு திரையில். பத்தே கால் ஆகிவிட்டது. மேலாளர் குரலை உயர்த்தாத மனிதர். என்னை அழைத்து, "ஏம்மா, அந்த ஹோஸ்ட் நான்தானே?" என்று கேட்டார். போய்ப் பார்த்தால் அவரும் அதே அறையில், அதே அறிவிப்புக்கு முன்னால், பதினைந்தாவது ஆளாகக் காத்திருக்கிறார்.

நடந்தது இதுதான். முந்தின இரவு அவர் அதே பிரவுசரில் தன் சொந்த மின்னஞ்சல் கணக்கால் வேறு ஏதோ அழைப்பில் சேர்ந்திருக்கிறார். காலையில் லிங்க்கைத் தட்டியதும் மென்பொருள் அந்தச் சொந்தக் கணக்கையே எடுத்துக்கொண்டு, அவரை முன்பின் தெரியாத விருந்தாளியாக வெளியே உட்கார வைத்துவிட்டது. 'நீங்கள் இப்போது இந்த முகவரியில் இருக்கிறீர்கள்' என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் அவரே கண்டுபிடித்திருப்பார். எழுதவில்லை. மேலே வலது மூலையில் ஒரு சின்ன வட்டம், அதற்குள் ஓர் எழுத்து. யார் என்பதற்கு அவ்வளவுதான் அடையாளம். அவருடைய இரண்டு கணக்குக்கும் எழுத்து ஒன்றே.

லிங்க்கை, பழைய லாகின் எதையும் எடுத்துக்கொள்ளாத இன்காக்னிட்டோ ஜன்னலில் ஒட்டி, அலுவலக முகவரியால் நுழைந்ததும் இரண்டு நிமிடத்தில் சரியானது. அப்புறம் அவருக்கு அலுவலகத்துக்கென்று தனி பிரவுசர் புரொஃபைல் போட்டுக் கொடுத்தேன். இப்போது புதிதாகச் சேரும் எல்லாருக்கும் முதல் நாளே அதைச் செய்துவிடுகிறேன். இரண்டு வருடத்தில் நான் செய்த வேலைகளில் அதிகப் பலன் தந்தது இதுதான் என்பேன்.

காத்திருப்பு அறையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2020இல் முன்பின் தெரியாதவர்கள் கூட்டங்களில் புகுந்து அட்டகாசம் செய்தார்கள். அந்த ஏப்ரலில் ஜூம் நிறுவனம் பல வகைக் கணக்குகளுக்குக் காத்திருப்பு அறையையும் கடவுச்சொல்லையும் தானாகவே இயங்கும்படி மாற்றியது நினைவிருக்கலாம். பூட்டு வேண்டும்தான். ஆனால் பூட்டுகிறவர் வீட்டுக்காரரின் முகத்தையாவது பார்த்துவிட்டுப் பூட்ட வேண்டும்.

இதைவிடப் பெரிய கூத்து போன வருடம். எங்கள் நிறுவனத்தின் இணைய முகவரி, அதாவது டொமைன், மாறியது. எல்லாருக்கும் புது மின்னஞ்சல். பழையதுக்கு வருவது புதியதுக்குப் போய்விடும் என்பதால் நாங்கள் நிம்மதியாக இருந்தோம். மறுநாள் காலை வரிசையாகப் புகார். "என் பதிவுகளைக் காணோம்", "வாராந்திர மீட்டிங் எதுவும் இல்லை", "உரிமம் இல்லை என்கிறது". பதினொரு பேருக்கு இந்த நிலைமை. கடவுச்சொல்லை மாற்றுங்கள் என்றது உதவிப் பக்கம். மாற்றினார்கள். ஒன்றும் நடக்கவில்லை, எப்படி நடக்கும்?

ஒப்பந்தக்காரர் வந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. நாங்கள் நேரடியாக மென்பொருளில் கடவுச்சொல் போடுவதில்லை. அலுவலகத்தின் பொது லாகின் பக்கத்தில் ஒருமுறை நுழைந்தால், அதுவே 'இவர் இன்னார்' என்று மென்பொருளுக்குச் சான்று அனுப்பும். இந்த மென்பொருள் அந்தச் சான்றில் உள்ள மின்னஞ்சலை வைத்துத்தான் ஆளை அடையாளம் காண்கிறது. மாறாத ஊழியர் எண் போன்ற ஒன்றை வைத்துப் பொருத்தவும் வழி இருக்கிறதாம், எங்களுக்கு அப்படி அமைக்கவில்லை. ஆகவே புது முகவரியோடு வந்தவரை அது புது ஆள் என்றே நினைத்து, கேட்காமலேயே ஒரு காலிக் கணக்கைத் திறந்து கொடுத்துவிட்டது. பதினொரு பேருக்கும் இரட்டைப் பிறவிகள். பழைய கணக்கில் சொத்தெல்லாம் இருக்கிறது, நுழைய ஆள் இல்லை. புதுக் கணக்கில் ஆள் இருக்கிறார், சொத்து இல்லை.

சரியான வரிசை இது: முதலில் மென்பொருளின் நிர்வாகப் பக்கத்தில் பழைய கணக்கின் முகவரியை மாற்ற வேண்டும், பிறகுதான் லாகின் பக்கத்தில் மாற்ற வேண்டும். நாங்கள் தலைகீழாகச் செய்திருந்தோம். ஏற்கெனவே இரட்டை பிறந்துவிட்டால், காலியான புதுக் கணக்கை நீக்கிவிட்டுப் பழையதற்குப் புது முகவரி கொடுக்க வேண்டும். ஒன்றொன்றாகப் பதினொன்றையும் நானே செய்தேன். ஏழாவதோ எட்டாவதோ, மாலை ஆறரை மணி, கண் எரிச்சல், தவறான இரட்டையை நீக்கிவிட்டேன். அதுவரையிலான பதிவுகள் எல்லாம் இருந்த கணக்கு அது. நெஞ்சு ஒரு நிமிடம் நின்றுவிட்டது. நல்லவேளை, நீக்கிய கணக்கு 30 நாள் தனி இடத்தில் இருக்கிறது, அங்கிருந்து மீட்க முடிந்தது. இந்த வசதியை வைத்தவருக்கு என் நன்றி. இதற்காகவே அரை நட்சத்திரம் கூட்டிப் போடுகிறேன்.

அடுத்து, கடவுச்சொல்லுக்கு மேல் லாகின் பக்கம் கேட்கும் ஆறு இலக்கக் குறியீடு. போனில் ஒரு செயலி அதைக் காட்டும். கணக்குப் பிரிவில் ஓர் அக்கா. இருபது வருட அனுபவம், ஒரு எண்ணைத் தவறாக அடித்தார் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அவர் போடும் குறியீட்டை எல்லாம் அந்தப் பக்கம் 'கடவுச்சொல் அல்லது குறியீடு தவறு' என்று தள்ளுகிறது. ஐந்து முறைக்குப் பிறகு கணக்கு அரை மணி நேரம் பூட்டிக்கொள்கிறது. "நான் தப்பா அடிக்கலையே தங்கச்சி" என்று அவர் கண்கலங்காத குறை.

அவர் தப்பாக அடிக்கவில்லைதான். அந்தக் குறியீடு இணையத்திலிருந்து வருவதில்லை. போனில் உள்ள ஒரு ரகசியச் சாவியையும் அந்த நேரத்தையும் சேர்த்துப் போனே கணக்குப் போட்டுக் காட்டுகிறது. 2011இல் வெளியான ஒரு பொதுத் தரம் அது. வழக்கமாக 30 விநாடிக்கு ஒருமுறை எண் மாறும். மறுமுனையில் இருக்கும் சர்வரும் தன் கடிகாரத்தை வைத்து அதே கணக்கைப் போடும். இரண்டும் ஒத்துப்போனால் கதவு திறக்கும். ஒரு படி, அதாவது 30 விநாடி, முன்பின் இருந்தால் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். நம் அக்காவோ எதற்கும் தாமதமாகப் போய்விடக் கூடாது என்று போன் கடிகாரத்தை ஏழு நிமிடம் முன்னால் தள்ளி வைத்திருந்தார்! பதினான்கு படிகள். சர்வர் பார்வையில் அவர் எதிர்காலத்திலிருந்து குறியீடு அனுப்பிக்கொண்டிருக்கிறார். நேரத்தைத் தானாக அமைத்துக்கொள்ளும்படி மாற்றியதும் முதல் முயற்சியிலேயே கதவு திறந்தது. 'உங்கள் போன் கடிகாரத்தைச் சரிபாருங்கள்' என்று அந்தப் பிழைச் செய்திக்குக் கீழே ஒரு வரி போட எவ்வளவு நேரமாகும்?

போன் மாற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பழைய போனை அழிப்பதற்கு முன்னால் குறியீட்டுச் செயலியைப் புதியதற்கு மாற்றிவிடுங்கள். சிம் கார்டோடு அது தானாக வராது. போன் கையில் இல்லாதபோது நுழைவதற்காகத் தரும் அவசரக் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். ஒருவர் அவற்றை மின்னஞ்சலில் பத்திரமாக வைத்திருந்தார். அந்த மின்னஞ்சலைத் திறக்க அதே குறியீடு வேண்டும்.

இன்னொருவருக்குத் திங்கள்தோறும் கணக்கு பூட்டிக்கொள்ளும். யாரோ உள்ளே புக முயல்கிறார்கள் என்று பயந்தே போனார். கடைசியில் குற்றவாளி மீட்டிங் அறைச் சுவரில் மாட்டியிருந்த டேப்லெட். எப்போதோ ஒரு நாள் அதில் தன் கணக்கால் நுழைந்திருக்கிறார். கடவுச்சொல்லை மாற்றிய பிறகும் அது பழைய கடவுச்சொல்லையே நினைவில் வைத்திருந்தது. திங்கள் காலை யாராவது அதை இயக்கியதும் விடாமல் கதவைத் தட்டத் தொடங்கிவிடும். கணினியிலும் இதே கதை நடக்கும். விண்டோஸில் கிரெடென்ஷியல் மேனேஜரிலும் மேக்கில் கீசெயினிலும் பழைய கடவுச்சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள்.

கடவுச்சொல்லைப் போட்டதும் மறுபடி அதே லாகின் பக்கத்துக்கே திரும்பித் திரும்பி வந்தால், பிரவுசரில் விளம்பரம் தடுக்கும் நீட்டிப்பையோ, நாம் நுழைந்ததை நினைவில் வைக்கும் குக்கீகளைத் தடுக்கும் அமைப்பையோதான் நான் முதலில் சந்தேகிப்பேன்.

கணக்கே காரணமில்லாத கணக்குப் பிரச்சினையும் உண்டு. எங்கள் ஆள் ஒருவர் வாடிக்கையாளர் அலுவலகத்திலிருந்து சேர முயன்றார். லாகின் ஆகிறது, உள்ளே போகிறார், சத்தமும் இல்லை படமும் இல்லை. ஒரு நிமிடத்தில் 'இணைப்பு துண்டிக்கப்பட்டது, மீண்டும் உள்நுழையவும்' என்கிறது. அந்தக் கடைசிச் சொல்லை நம்பி மூன்று முறை கடவுச்சொல் மாற்ற வைத்தேன், பாவம். உண்மையில் லாகின் பக்கம் சாதாரண இணையப் பக்கங்கள் போகும் 443ஆம் போர்ட் (எண்ணிட்ட ஒரு வாயில் என்று வைத்துக்கொள்ளுங்கள்) வழியாகப் போகிறது. குரலும் படமும் வேகத்துக்காக யுடிபி என்ற வேறு பாதையைத் தேடும், பெரும்பாலும் 3478ஆம் போர்ட். அந்த அலுவலக இணையத்தின் காவல்காரனான ஃபயர்வால் அந்தப் பாதையை அடைத்திருந்தது. மாற்றுப் பாதையும் அங்கே எடுபடவில்லை. போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்ததும் குரலும் படமும் வந்துவிட்டன. இப்போதெல்லாம் கடவுச்சொல்லைத் தொடுவதற்கு முன்னால் ஹாட்ஸ்பாட்டில் போட்டுப் பார்க்கச் சொல்கிறேன். அங்கே வேலை செய்தால் கணக்கில் குற்றமில்லை.

உதவி மையத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் மதிப்புரை நிறையாது. 'உள்நுழைய முடியவில்லை' என்று புகார் கொடுக்கப் போனால் புகார் படிவத்தைத் திறக்க உள்நுழையச் சொல்கிறது. நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தானாகப் பதில் சொல்லும் உரையாடல் பொம்மை (சாட்பாட்) ஒன்று இருக்கிறது, கேட்டதற்கெல்லாம் கடவுச்சொல் மாற்றும் லிங்க்கையே தரும். ஒரு தடவை, நிர்வாகப் பக்கத்துக்குள் போக உரிமை உள்ள எங்களுடைய ஒரே அட்மின் வேலையை விட்டுப் போய்விட்டார். அவர் கணக்கையும் வழக்கம்போல முடக்கிவிட்டோம். அப்புறம்தான் நிர்வாகப் பக்கத்துக்குள் போக யாருமே இல்லை என்பது உறைத்தது. உதவி மையம் பதில் அனுப்பியது, அதுவும் முடக்கப்பட்ட அவருடைய முகவரிக்கே. பதில் வராததால் புகாரை மூடியும் விட்டார்கள். மூன்றாவது புகாரில் கிடைத்த ஆள் மட்டும் தங்கமானவர். நிறுவனத்தின் டொமைன் எங்களுடையதுதான் என்று நிரூபிக்க, அதன் விவரங்களைப் பொதுவில் பதிந்து வைக்கும் டிஎன்எஸ் அமைப்பில் அவர் தந்த ஒரு எழுத்துச் சரத்தைச் சேர்க்கச் சொன்னார். டொமைனை வைத்திருப்பவரால் மட்டுமே செய்யக்கூடிய காரியம் என்பதால் அது ஒரு சான்று. மறுநாள் மதியம் வழி கிடைத்தது. அன்றே இரண்டாவது அட்மினாக என்னைச் சேர்த்துக்கொண்டேன்.

கூடத்துக்கு நாலரை நட்சத்திரம். வாசலுக்கு இரண்டு, 30 நாள் மீட்புக்காகச் சேர்த்த அரையோடு இரண்டரை. ஐடி துறை என்று ஒன்று உள்ள பெரிய அலுவலகமாக இருந்தால் தயங்காமல் வாங்கலாம். எங்களைப் போன்ற சின்ன இடம் என்றால், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் சோதனைக் காலத்திலேயே ஒருவரின் மின்னஞ்சலை வேண்டுமென்றே மாற்றிப் பாருங்கள், ஒரு போனைத் தொலைத்ததுபோல் நடித்துப் பாருங்கள். குரல் தெளிவை எல்லாரும் சோதிக்கிறார்கள். இதை யாரும் சோதிப்பதில்லை.

இதை எழுதி முடிக்கும்போது போனில் செய்தி: "அக்கா, பாஸ்வேர்டு சரியாத்தான் போடறேன், மீட்டிங்ல சேர அனுமதி இல்லைங்குது."

மேலே வலது மூலையில் வட்டத்துக்குள் என்ன எழுத்து இருக்கிறது என்று கேட்டேன்.

சிறிது நேரம் கழித்துப் பதில் வந்தது: "என்னோடது இல்லக்கா. நேத்து பொண்ணு ஆன்லைன் கிளாஸ் பார்த்தா, அவளோடது."