ஆறு ஊசிக்குப் பணம், போட்டது மூன்று: எலும்பு ‘பேக்கேஜ்’ எடுக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

இடுப்பு முறிந்த 76 வயது அம்மாவுக்கு, எலும்பு மேலும் உடையாமல் காக்கும் ஆறு ஊசிக்கான பணத்தை மொத்தமாக வாங்கிக்கொண்டு, மூன்றோடு கைகழுவிவிட்டது ஒரு எலும்புப் பராமரிப்பு மையம். பெயர் போடவில்லை. நேற்று எடுத்த எக்ஸ்ரேயில் டி12, எல்1, எல்3 மூன்று முள்ளெலும்புகளும் நசுங்கியிருக்கின்றன. உயரம் மூன்று செ.மீ. குறைந்திருக்கிறது. இந்த முறை எங்கேயும் விழவே இல்லை, ஒரு வாளியைத் தூக்கினார், அவ்வளவுதான்.

அந்தக் குடும்பம் நம்பியதைக் குறை சொல்ல முடியாது. அறுவை சிகிச்சை நடந்த மருத்துவமனையில் கம்பி வைத்து, கால்சியம் மாத்திரை எழுதிக் கொடுத்ததோடு சரி. எலும்பு ஏன் உடைந்தது என்று யாரும் கேட்கவில்லை. இந்த மையத்தில்தான் முதன்முதலாக, “நின்ற இடத்தில் வழுக்கி விழுந்தே இடுப்பு உடைந்திருக்கு. ஸ்கேன் என்ன சொன்னாலும் இது எலும்புப்புரைதான்” (எலும்பு அடர்த்தி குறைந்து எளிதில் உடையும் நோய்) என்றார்கள். நூற்றுக்கு நூறு சரி. எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்சா ஸ்கேனில் டி-ஸ்கோர், எலும்புப்புரைக்கான எல்லையான −2.5 வரட்டும் என்று காத்திருக்க வேண்டிய கேஸே இல்லை. கால்சியம், வைட்டமின் டி, கிரியேட்டினின், தைராய்டு, பாராதைராய்டு, மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்க்கான புரதப் பரிசோதனை எல்லாமே பார்த்திருக்கிறார்கள். சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் கிளியரன்ஸ் 32. அது 35-க்குக் கீழே இருந்தால் வருடத்துக்கு ஒருமுறை ஏற்றும் ஜோலெட்ரானிக் அமிலம் என்ற எலும்புப்புரை மருந்து கூடாது. அதனால் டெனோசுமாப் என்ற ஊசி, 60 மி.கி., ஆறு மாதத்துக்கு ஒருமுறை, தோலுக்கடியில். அதுவும் சரியான தேர்வுதான். இவ்வளவு சரியாகப் பேசிவிட்டு அப்புறம்தான் ரசீதுப் புத்தகத்தை எடுத்தார்கள். “மூணு வருஷம், ஆறு ஊசி. இப்பவே கட்டிட்டா விலை ஏறாது சார்.” மகன் ஆறுக்கும் கட்டிவிட்டார்.

மூன்று ஊசி தேதி தவறாமல் போட்டார்கள். நாலாவதுக்குப் போன் செய்தால் “ஸ்டாக் வரல சார், அடுத்த வாரம்.” அடுத்த மாதம், “ஆறு மாசம்னா கரெக்டா ஆறு மாசம்னு இல்ல சார், முன்னப்பின்ன ஆகலாம்.” நேரில் போனபோது அம்மாவின் குதிகாலில் ஜெல் தடவி, ஒரு சின்ன அல்ட்ராசவுண்ட் பெட்டிக்குள் பாதத்தை வைக்கச் சொல்லி, பச்சைக் கட்டத்தில் முள் நிற்கிற தாள் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். “பாருங்க, நல்லா ஏறியிருக்கு, அவசரமே இல்ல.” இது சுத்தப் பித்தலாட்டம். குதிகால் கருவியின் எண்ணை டெக்சாவின் −2.5 கணக்கோடு ஒப்பிடக் கூடாது. மருந்து வேலை செய்கிறதா என்று அதை வைத்துச் சொல்லவும் முடியாது. மூன்றாவது ஊசி போட்ட பத்தாம் மாதம் முதுகுவலி வந்தது. “வயசாச்சுல்ல சார், தசைப்பிடிப்பு” என்று மசாஜ் செய்து அனுப்பினார்கள். நசுங்கிய முள்ளெலும்பின் மேல் மசாஜ்!

தேதி தள்ளினால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்களுக்குத்தான் இந்த வயிற்றெரிச்சல் புரியும். அலெண்ட்ரோனேட், ஜோலெட்ரானிக் போன்ற எலும்புப்புரை மருந்துகள் எலும்பிலேயே படிந்துவிடும், நிறுத்தினாலும் கொஞ்ச காலம் காப்பாற்றும். டெனோசுமாப் அப்படிப் படியாது. ஆறு மாதத்தில் அதன் பிடி விட்டதும், அதுவரை அடங்கிக் கிடந்த எலும்பரிக்கும் செல்கள் மொத்தமாகக் கிளம்பி, சிகிச்சைக்கு முன்பிருந்ததைவிட வேகமாக அரிக்கும். அதனால்தான் ஒன்று உடைவதோடு நிற்காமல் இரண்டு மூன்று முள்ளெலும்புகள் சேர்ந்து நசுங்குகின்றன. நான்கு மாதத்துக்கு மேல் தாமதமானால் முதுகெலும்பு முறியும் ஆபத்து பல மடங்கு கூடுவது ஆய்விலேயே பதிவாகியிருக்கிறது. இங்கே தாமதம் ஐந்து மாதம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு “பேக்கேஜ்ல ரீஃபண்ட் கிடையாது” என்கிறார்கள். ஆறுக்கு வாங்கி மூன்று போட்டவர்கள் சொல்கிற பேச்சு.

விவரமாக எழுதலாம் என்று உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. இவ்வளவுதான்:

ஊசிக்கு மொத்தமாகப் பணம் கட்டாதீர்கள், ஒவ்வொன்றாக வாங்குங்கள். அது 2–8 டிகிரி குளிரில் இருந்து வந்ததா என்று கேளுங்கள், பெட்டியைக் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லி பேட்ச் ஸ்டிக்கரை எடுத்து வையுங்கள். அடுத்த தேதியை நீங்களே குறித்து, ஒரு மாதம் முன்பே ஏற்பாடு செய்யுங்கள். ஓரிடத்தில் இல்லையென்றால் வேறிடத்தில் போட்டுக்கொள்ளலாம். ஒவ்வொரு ஊசிக்கு முன்பும் ரத்தத்தில் கால்சியம் பாருங்கள், சிறுநீரகம் பலவீனமானவர்களுக்குப் போட்ட பிறகும் பார்க்க வேண்டும், அபாயகரமாக இறங்கலாம். நிறுத்தியே ஆக வேண்டுமென்றால் அடுத்த ஊசி விழவேண்டிய தேதியில் மாற்று மருந்தைத் தொடங்க மருத்துவரிடம் கேளுங்கள், சும்மா விடாதீர்கள். திடீர் முதுகுவலி வந்தால் மசாஜ் வேண்டாம், முதலில் பக்கவாட்டு எக்ஸ்ரே.