செடிக்கு மூடாக்கு: டயர் துண்டா, தேங்காய் மட்டையா?

பழைய டயரில் மழைத்தண்ணீர் தேங்கினால் டெங்கு கொசு முட்டையிடும். அதனால் அதை எப்படியாவது காலி செய்ய வேண்டும் என்பது நியாயமான கவலை. நறுக்கித் தோட்டத்தில் மூடாக்காக, அதாவது ஈரம் காயாமல் செடியைச் சுற்றி மண்ணை மூடும் போர்வையாகப் போட்டால் என்ன என்று கேட்கிறார்கள். அமெரிக்காவில் இதை மூட்டை கட்டி விற்கவே செய்கிறார்கள். ஆனால் நம் ஊரில் தேங்காய் மட்டை இருக்கும்போது டயருக்குப் போகலாமா?

முதலில் வேலையைப் பார்ப்போம். டயரின் பக்கச்சுவரைக் கூரான கத்தியால், சோப்புத் தண்ணீர் தொட்டுத் தொட்டு அறுத்துவிடலாம். சாலையில் உருளும் பகுதிதான் சிக்கல். இப்போதைய கார்களில் வரும் ரேடியல் டயரில் அந்த ரப்பருக்கு அடியில் மெல்லிய எஃகுக் கம்பிகள் நெருக்கமாக ஓடும். ரிம்மைப் பிடிக்கும் விளிம்பில் தடித்த கம்பிக்கட்டே இருக்கும். கத்தி மழுங்கிப்போகும், வெட்டிய துண்டின் ஓரத்தில் ஊசி ஊசியாகக் கம்பி நீட்டிக்கொண்டு நிற்கும். வெறுங்கையால் களை பிடுங்குகிற இடத்தில் இதைப் போடவே கூடாது. ஆலைகளில் அரைத்தபின் காந்தம் வைத்துக் கம்பியைப் பிரிப்பார்கள், வீட்டில் அது நடக்காது.

மட்டைக்கு இந்தப் பாடு கிடையாது. அப்படியே கவிழ்த்து வைத்தால் போதும். வறட்சிக் காலத்தில் தென்னையைச் சுற்றி 1.8 மீட்டர் ஆரத்துக்கு 100 மட்டைகளை, குவிந்த பக்கம் மேலே தெரியும்படி பரப்பச் சொல்வது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை.

டயருக்கும் சாதகம் உண்டு. மக்காது, காற்றில் பறக்காது, கரையானுக்கு இரையாகாது. கரையான் தொல்லை உள்ள செம்மண் தோட்டத்துக்காரருக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஆனால் மக்காது என்பதே குறையும்கூட. மட்டையும் சருகும் மக்கி மண்ணுக்குத் தீனியாகின்றன, மண்புழு வருகிறது. ரப்பரால் மண்ணுக்கு எந்த ஊட்டமும் இல்லை.

அதைவிடப் பெரிய கவலை டயரிலிருந்து கசிவது. ரப்பரை இறுக்கத் துத்தநாக ஆக்சைடு சேர்க்கிறார்கள். டயர் எடையில் ஏறக்குறைய 1 முதல் 2 சதவீதம் துத்தநாகம். செடிக்கு இது துளியளவு போதும், மிகுந்தால் நஞ்சு. அமிலத்தன்மையுள்ள மண்ணில் இன்னும் எளிதாக வேருக்குள் போகும். ரப்பரில் விரிசல் விழாமலிருக்கச் சேர்க்கும் 6பிபிடி என்ற வேதிப்பொருள் காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து மாறி, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்களைக் கொன்றது 2020-இல் தெரியவந்தது. டயர் துகள் கிடக்கும் இடத்தில் கீரையும் தக்காளியும் போட எனக்கு மனம் வராது.

சித்திரை வெயிலில் கறுப்பு ரப்பர் கொதிக்கும். தீப்பிடித்தால் கரும்புகையோடு எரியும், அணைப்பது பெரும்பாடு. சருகும் பற்றக்கூடியதுதான், ஆனால் தண்ணீர் ஊற்றினால் அடங்கும்.

ஊஞ்சலுக்கு அடியில் மெத்தென்று இருக்கப் போடலாமே என்பார்கள். செயற்கைப் புல் மைதானத்தில் நிரப்பும் ரப்பர் துகளையே நுண்பிளாஸ்டிக் என்று கணக்கில் எடுத்து, 8 ஆண்டு அவகாசத்தோடு 2023-இல் தடை விதித்துவிட்டது ஐரோப்பிய ஒன்றியம். ஊஞ்சலடியில் மணலைக் கொட்டுங்கள்.

மட்டை கிடைக்காவிட்டால் கரும்புத் தோகை, வேப்பஞ்சருகு எதுவும் சரி. தேங்காய் நார்க்கழிவு என்றால் மட்டும் உப்புப் போக நன்றாக அலசிவிட்டுப் போடுங்கள். வீட்டில் கிடக்கும் டயரைத் தண்ணீர் தேங்காதபடி உள்ளே எடுத்து வைத்து, மறுசுழற்சிக்கு வாங்குபவரிடம் முழுசாகவே கொடுத்துவிடுங்கள்.