கர்நாடக லோக் ஆயுக்தா, பெங்களூரு: மூன்றரை நட்சத்திரம்

அரசு அதிகாரிகளின் லஞ்சம், முறைகேட்டை விசாரிக்கும் அமைப்பு இது. விதான சௌதா பக்கத்தில், அம்பேத்கர் வீதி எம்.எஸ். பில்டிங்கில் இருக்கிறது. அல்சூர், விவேக்நகர் பக்கத்து நம்ம ஆட்கள் பலர் இதை இன்னொரு குறைதீர்ப்பு கவுன்ட்டர் என்று நினைத்துப் போய்விட்டு, அப்புறம் ‘ஒண்ணும் நடக்கல’ என்கிறார்கள்.

ஒரு அதிகாரி உங்களிடம் காசு கேட்கிறார், நீங்கள் இன்னும் கொடுக்கவில்லை என்றால் நேராக அவர்களுடைய போலீஸ் பிரிவுக்குப் போங்கள். இந்த வேலையில் கில்லாடிகள். புகாரை வாங்கி, கேட்டது உண்மைதானா என்று பார்த்துவிட்டு, நோட்டில் பினாப்தலீன் என்ற ரசாயனப் பொடியைத் தடவி சாட்சிகளோடு அனுப்புவார்கள். வாங்கியவர் கையை சோடியம் கார்பனேட் கரைசலில் முக்கினால் தண்ணீர் இளஞ்சிவப்பாகிவிடும். அரதப்பழசான முறை, இன்னும் அதில்தான் மாட்டுகிறார்கள். 2023 மார்ச்சில் அப்போதைய ஆளுங்கட்சி எம்.எல்.ஏ. ஒருவரின் மகனையே 40 லட்சம் வாங்கியதாகப் பொறி வைத்துக் கைது செய்தார்கள். ஒன்று, நோட்டு பெரும்பாலும் உங்களுடையதுதான், அது வழக்குச் சொத்தாகிவிடும், அதனால் வட்டிக்கு வாங்கிய காசைக் கொண்டுபோகாதீர்கள்.

‘பாதி கொடுத்துட்டேனே, என்னையும் உள்ள வச்சிருவாங்களா’ என்று என் மச்சான் பயந்தார். ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு கொடுப்பதும் குற்றம்தான், ஆனால் வேறு வழியில்லாமல் கொடுத்தவர் 7 நாளுக்குள் போய்ச் சொல்லிவிட்டால் அவர்மேல் குற்றம் வராது.

பழைய முறைகேடு பற்றிய புகார் என்றால் கதை வேறு. படிவம் 1, கூடவே படிவம் 2-ல் பிரமாணப் பத்திரம். வேண்டுமென்றே பொய் எழுதினால் உங்களுக்கே தண்டனை. விசாரித்து முடித்தாலும் அவர்கள் பரிந்துரைதான் செய்ய முடியும், நடவடிக்கை அரசாங்கத்தின் கையில். ஒரு நட்சத்திரம் இங்கே போனது.

இன்னொரு அரை போனது அதன் சரித்திரத்துக்காக. 2011-ல் அப்போதைய லோக் ஆயுக்தா நீதிபதி சந்தோஷ் ஹெக்டேயின் சட்டவிரோதச் சுரங்க அறிக்கை வந்ததும் எடியூரப்பாவின் முதல்வர் பதவியே போனது, அவ்வளவு கெத்து. ஆனால் 2015-ல் லோக் ஆயுக்தா பதவியில் இருந்தவரின் மகனே பணம் பறித்த வழக்கில் கைதானார். 2016-ல் அரசு ஏ.சி.பி. என்று தனியாக ஒரு லஞ்ச ஒழிப்புப் பிரிவை ஆரம்பித்து லோக் ஆயுக்தாவின் பல்லைப் பிடுங்கியது. 2022 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்த பிறகுதான் அதிகாரம் திரும்பி வந்தது.

யாரும் காசு கேட்கவில்லை, ஃபைல்தான் நகரவில்லை என்றால் இங்கே அலையாதீர்கள். குறித்த நாளுக்குள் அரசு சேவை தர வேண்டும் என்கிற சகாலா திட்டத்தில் வரும் சேவை என்றால் ரசீதில் இருக்கும் ஜி.எஸ்.சி. எண்ணை வைத்து மேல்முறையீடு போடுங்கள்.