ஆபரேஷனுக்குப் பிறகும் மூச்சு முட்டல்: வால்வா, வெற்று மூக்கா?

மூக்கு ஆபரேஷனுக்குப் பின் சில வாரங்கள் அடைப்பு இருப்பது சகஜம். வீக்கமும் காய்ந்த பொருக்கும்தான் காரணம். மாதக்கணக்கில் நீடித்தால் முக்கியமாக இரண்டைச் சந்தேகிக்கலாம்.

ஒன்று, வால்வு சரிவு. வால்வு என்பது மூக்குப் பாதையின் மிகக் குறுகலான இடம். ரைனோபிளாஸ்டியில் (மூக்கின் வடிவத்தை மாற்றும் ஆபரேஷனில்) குருத்தெலும்பைக் கூடுதலாக எடுத்துவிட்டால், வேகமாக மூச்சிழுக்கும்போது மூக்கின் பக்கச்சுவர் உள்ளே ஒட்டிக்கொள்ளும். கன்னத்தை விரலால் வெளிப்பக்கம் இழுத்துப் பிடியுங்கள். காற்று தாராளமாக வந்தால் சந்தேகம் வலுக்கிறது. குருத்தெலும்பு ஒட்டு வைத்துச் சரிசெய்ய முடியும்.

மற்றது எம்ப்டி நோஸ் சிண்ட்ரோம், அதாவது வெற்று மூக்கு. இதுதான் விசித்திரம். டர்பினேட் எனும் உள்மடிப்புகளை அதிகம் வெட்டியதால் பாதை அகலத் திறந்து கிடக்கும், ஸ்கேனில் அடைப்பே தெரியாது, ஆனாலும் மூச்சு முட்டும். உள்ளே போகும் காற்றின் குளிர்ச்சியை உணரும் நரம்புமுனைகள் குறைந்துபோவது ஒரு காரணம். மூக்கு வறண்டு எரியும், தூக்கமும் கெடும். சோதனையோ தலைகீழ்: டாக்டர் ஈரப் பஞ்சை உள்ளே வைத்து அரை மணி நேரம் போல விடுவார், அடைத்ததும் மூச்சு இலகுவாகும்! அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையில் 1994-லேயே இதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். இன்னமும் சிலர் 'எல்லாம் மனப்பிரமை' என்று அனுப்பிவிடுவது அநியாயம். வெட்டிய டர்பினேட் மறுபடி வளராது. முதலில் உப்புநீர்க் கழுவல், ஜெல். அப்புறம்தான் உள்ளே இம்பிளான்ட் வைப்பது பற்றிய பேச்சு.